பில்பெரி சுமந்த பாரம்

நாரிஸ் ஹெப்டனுக்கு நாற்பத்தாறாவது வயதில் கல்யாணம் ஆனது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. மணப்பெண் யார்க்ஷயரில் மால்டன் ஊர்க் கடைத்தெருவில் ரொட்டிக்கடை வைத்திருந்தாள் என்பதில்தான் வினையே இருந்தது.

பந்தயக் குதிரை ஓட்டிப் பிழைக்கிறவன் தையல்காரியைக் கட்டலாம், டீச்சரைக் கட்டலாம், போலீஸ்காரியைக்கூடக் கட்டலாம். பெர்னிஸ் மாதிரி ஒருத்தியைக் கட்டினால் வயிற்றுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். பன்றிக்கறி அடைத்துச் சுட்ட போர்க் பை அவள் கையில் பொன்னாக வெந்து வரும். சர்க்கரைப்பாகு புட்டிங் இருக்கிறதே, அதைப் பற்றி இங்கே எழுதினால் கதை நகராது. இருபத்தைந்து வருடம் காய்ந்த டோஸ்டும் கறுப்புக் காப்பியுமாகக் காலம் தள்ளிய மனிதன் அக்டோபர் முதல் வாரத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு, அன்றிலிருந்து சாப்பிட ஆரம்பித்தான். மனிதன் சந்தோஷமாக இருந்தான். அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனசில்லை.

குற்றம் வேறு இடத்தில் நடந்தது.

நாரிஸ் வேலை பார்த்த லோர்னா மெட்காஃபின் லாயத்தில், சொந்தக்காரர்கள் பழக்குவதற்காக விட்டிருக்கும் அறுபது குதிரைகள். சேணங்கள் மாட்டியிருக்கும் அறையின் மூலையில் ஒரு எடை மேடை, அதற்கு மேலே சுவரில் ஒரு கரும்பலகை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, குதிரை ஓட்டுகிற பன்னிரண்டு பேரும் வரிசையாக ஏறி நிற்க வேண்டும். ஆள் எடையை அங்கே கல் கணக்கில்தான் சொல்வார்கள்; பதினான்கு பவுண்டு ஒரு கல். பெயருக்கு நேரே எடையைச் சாக்பீஸால் எழுதுவார்கள். இரண்டு குதிரைகளை ஒன்றாக ஓடவிட்டு எது தேவலை என்று பார்க்கும்போது, முதுகில் இருந்த ஆள் எவ்வளவு கனம் என்று தெரியாவிட்டால் பார்த்ததெல்லாம் வீண். முக்கால் மைல் ஓட்டத்தில் மூன்று பவுண்டு கூடினால் ஒரு குதிரை நீளம் போச்சு என்பது மால்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வாய்ப்பாடு.

அந்தச் சாக்பீஸ் பத்தொன்பது வருடமாக நாரிஸ் கையில் இருந்தது. லாயத்திலேயே மூத்தவன், நாணயஸ்தன் என்று லோர்னா அவனிடம்தான் கொடுத்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் எடைநாள், நவம்பரில், எல்லோரும் போன பிறகு நாரிஸ் மேடையில் ஏறினான். நான்கு பவுண்டு கூடியிருந்தது. 'ஒரு வாரம் வாயைக் கட்டினால் சரியாகிவிடும்' என்று நினைத்து, வழக்கம்போல ஒன்பது கல் இரண்டு பவுண்டு என்று எழுதினான். டிசம்பரில் மேடையில் ஏறாமலேயே அதை எழுதினான். ஜனவரியில் மேடைப் பக்கம் பார்க்கவே இல்லை. வேலியே பயிரை மேய்ந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். யார்க்ஷயர் குளிரில் பஞ்சு வைத்த சட்டைக்குள் தாராளமாக மறைக்கலாம். குளிர்காலத்தில் அந்தக் குன்றின்மேல் குதிரை ஓட்டுகிறவர்கள் எல்லோருமே மெத்தைக்குக் கால் முளைத்த மாதிரிதான் இருப்பார்கள். நாரிஸின் கன்னம் உப்பியதைப் பார்த்தவர்களும் "கல்யாணக் களை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது பில்பெரிக்கு வருவோம். மூன்று வயதுப் பெண்குதிரை, கருஞ்செம்மை நிறம், நெற்றியில் விரல்நுனி அளவுக்கு வெள்ளை. போன வருடம் ரிப்பன் என்ற ஊரில் ஒரு சின்னப் பந்தயத்தில் ஜெயித்திருந்தாள். லாயத்தில் யாரும் அவளை 'அது' என்று சொல்வதில்லை. நாரிஸ் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவான். தினமும் காலையில் அவள்மேல் ஏறி உட்கார்ந்ததும் அவனுக்கு இருபது வயது குறையும். இத்தனை வருடத்தில் எத்தனையோ குதிரைகள், இவளைப் போல ஒன்று அவன் கால்களுக்கிடையில் இருந்ததில்லை. இது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் ஓட்டத்தில் அது தெரியவில்லை. பிப்ரவரியில் பிராஸ் பட்டன் என்ற ஆண்குதிரையோடு அவளை ஓடவிட்டார்கள். இரண்டும் சமமாக வந்தன. மாதக் கடைசியில் அவள் ஒரு நீளம் பின்தங்கினாள். போன வியாழக்கிழமை இரண்டு நீளம். பிராஸ் பட்டனை ஓட்டியவள் கீலி, முப்பது வயது, பலகையில் அவளும் ஒன்பது கல் இரண்டு. கனம் சமம், குதிரைதான் மட்டம் என்று லோர்னா முடிவுகட்டினாள். பில்பெரியின் சொந்தக்காரர் லாக்வுட், ஹாலிஃபாக்ஸில் மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இருந்த ஒரே குதிரை அவள்தான். "தேறாதுன்னா ஏப்ரல் ஏலத்துல தள்ளிடுங்க, என் வயசுக்கு ஆசையை வளத்துக்கக் கூடாது" என்று போனில் சொல்லிவிட்டார்.

வரும் வியாழக்கிழமை கடைசிச் சோதனை. அன்றுதான் டின்ஸ்லியும் வருகிறார்.

டின்ஸ்லி ஒரு வாரப் பத்திரிகைக்காரர். வருடா வருடம் மார்ச்சில், வரப்போகும் பந்தயப் பருவத்தில் கண்ணை எடுக்காமல் கவனிக்க வேண்டிய பன்னிரண்டு குதிரைகள் என்று ஒரு பட்டியல் போடுவார். இங்கிலாந்தின் வடக்கே அந்தப் பட்டியலை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாத ஆள் கிடையாது. அதில் ஒரு பெயர் வந்துவிட்டால் எந்தச் சொந்தக்காரரும் விற்க மாட்டார். லாயத்துக்கு ஒரு குதிரை என்பது அவர் கணக்கு. இந்த வருடம் லோர்னா பிராஸ் பட்டனைச் சொல்லப்போகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

புதன்கிழமை மத்தியானம், பெர்னிஸின் கடை மூடும் நேரத்தில், மாவு மூட்டைகள் வந்து இறங்கின. பின்கட்டில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. நாரிஸ் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, அது சாயாமல் இருக்கத் தானும் தட்டில் ஏறி நின்றான்.

"யோவ், எறங்குய்யா. மூட்டைக்கு எடை பாக்கணும், உனக்கில்ல" என்றாள் பெர்னிஸ்.

அவன் மூட்டையை இறக்கினான். தான் இறங்கவில்லை. முள்ளைப் பார்த்தபடி நின்றான்.

"பெர்னிஸ், இந்தத் தராசு சரியா?"

"சர்க்கார் முத்திரை குத்தினது. ஏன்?"

"பத்துக் கல் ஒம்பது பவுண்டு காட்டுது."

"அதுக்கென்ன? நல்லாத்தான் இருக்கே. கட்டிக்கிட்டப்போ கொடிக்கம்பி மாதிரி இருந்தே."

நாரிஸ் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். இருபத்தொரு பவுண்டு. மூன்றால் வகுத்தால் ஏழு நீளம். இரண்டு நீளம் பின்தங்கினாள் என்று ஏலத்துக்கு அனுப்பப்போகிற அந்தப் பெண், உண்மையில் ஐந்து நீளம் முன்னால் இருக்கிறாள். அவள் மட்டமாகிக்கொண்டு வரவில்லை, இவன்தான் வாரா வாரம் பெருத்துக்கொண்டு வந்திருக்கிறான். கால்களுக்கிடையில் தெரிந்தது நிஜம். பலகையில் தன் கையால் எழுதியதுதான் பொய்.

"என்னய்யா, அழறியா?"

"நான் தின்னதுக்கு அவ தண்டனை அனுபவிக்கிறா, பெர்னிஸ்."

விஷயத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு அவனுக்கு எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். "நாளைக்குக் காலையில மொத வேலையா மொதலாளியம்மாகிட்ட சொல்லிடு."

"சொன்னா என்னை எறக்கிடுவாங்க. அவமேல மட்டுமில்ல, ஓடுற குதிரை எது மேலயும் ஏத்த மாட்டாங்க. அதைவிட, முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்றேன். நாளைக்கு மட்டும் கீலி அவளை ஓட்டட்டும். அவ ஜெயிப்பா, பட்டியல்ல வருவா, ஏலம் நிக்கும். அப்புறம் நான் ஓசைப்படாம எளைச்சுக்கறேன்."

"நீ? எளைக்கப் போறே?" பெர்னிஸ் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "பொய்க்கு மேல பொய்யை அடுக்கினா அடியில இருக்கறது வேகாதுய்யா. என் அடுப்பு சொல்லிக் குடுத்தது."

நாரிஸ் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவன் சாப்பிடவும் இல்லை. ஒருவேளைப் பட்டினியில் இருபத்தொரு பவுண்டு இறங்கும் என்று அவனே நம்பவில்லை. ஏதோ ஒரு பிராயச்சித்தம்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, இடுப்பில் கை வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, லோர்னாவின் முன்னால் போய் நின்றான். "முதுகு பிடிச்சுக்கிச்சு, மொதலாளியம்மா. பில்பெரி இழுக்கற இழுப்புக்குத் தாங்காது. கீலி ஏறட்டுமே."

லோர்னா அறுபது வயதுக்காரி. வார்த்தையைச் செலவழிக்க மாட்டாள். "சரி. நீ பட்டன்மேல ஏறு. அவன் தொட்டில் மாதிரி போவான், முதுகுக்கு நல்லது."

நாரிஸ் வாயைத் திறந்தான். கிழட்டுக் குதிரை ஒன்றைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்வாள் என்றல்லவா அவன் நினைத்திருந்தான். அதற்குள் லோர்னா டின்ஸ்லியோடு ஜீப்பில் ஏறிவிட்டாள்.

குன்றின் அடியில் இரண்டு குதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "நாரிஸ் அண்ணே, என் புள்ளையைப் பத்திரமா ஓட்டுங்க. வாய் அவனுக்கு ரொம்ப மென்மை" என்றாள் கீலி. பட்டனைக் குட்டியிலிருந்து பார்த்துக்கொள்பவள் அவள். கிளம்பினார்கள். முதல் கால் மைல் சமமாகப் போனது. பிறகு ஏற்றம் வந்தது, பில்பெரி காதை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா நழுவிப் போனாள். கீலி கையை அசைக்கக்கூட இல்லை. நாரிஸ் அவளைப் பின்னாலிருந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. என்ன அழகு! பட்டனோ பாவம், தன்னால் ஆனமட்டும் முக்கி, மூச்சிரைத்து, வியர்வை நுரைக்க மேலே வந்து சேர்ந்தான். இடைவெளி பன்னிரண்டு நீளம்.

ஜீப்பிலிருந்து லோர்னா ஓடி வந்தாள். அவள் ஓடி நாரிஸ் பார்த்ததில்லை. "பட்டனுக்கு என்ன ஆச்சு? எறங்கு, எறங்கு!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். லாயத்துக்குத் திரும்பியதும் பட்டனை நிறுத்தி வைத்து நான்கு காலையும் தடவிப் பார்த்தார்கள். கீலி அவன் விலாவில் காதை வைத்து மூச்சைக் கேட்டாள். "நேத்துகூட நல்லா இருந்தானே, மொதலாளியம்மா. தீவனத்தை நக்கித் தீத்தானே" என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. ஜெயித்த குதிரையிலிருந்து இறங்கியவள் மாதிரியே அவள் இல்லை. லோர்னா வைத்தியருக்குப் போன் போட்டாள். டின்ஸ்லி மட்டும் தரையில் கால் பாவாமல் நின்றார். "வடக்கே இப்படி ஒரு பெண்குதிரையை நான் பாத்ததில்ல, லோர்னா! பட்டியல்ல முதல் பேரே இவதான்." சொல்லிக்கொண்டே தன் நோட்டில் பிராஸ் பட்டன் என்ற பெயரைப் பென்சிலால் அடித்தார்.

"லாக்வுட் கிட்ட வித்துடாதீங்கன்னு சொல்லிடறேன்" என்றாள் லோர்னா. "ஏலத்துக்கு இடம் சொல்லியாச்சு. வைத்தியர் பாத்துட்டு உடம்புல கோளாறு ஒண்ணுமில்லைன்னா, அதுல பட்டன் போக வேண்டியதுதான். நெஞ்சுல உரம் இல்லாத குதிரைக்கு என் லாயத்துல வேலையில்ல."

நாரிஸுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. பில்பெரி போக மாட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் நாளைக்கே அவள் முதுகில் அவன் மறுபடி ஏறலாம். அந்த ஆசை அவனைப் பிடித்து உலுக்கியது என்பதை மறைப்பதற்கில்லை. பட்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீலியின் தோளில் மூக்கைத் தேய்த்தான். அதற்கு மேல் நாரிஸால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் சேண ரூமுக்கு வாங்க" என்றான்.

அங்கே போனதும் பஞ்சுச் சட்டையைக் கழற்றினான். அதற்குள் ஒரு ஸ்வெட்டர், அதையும் கழற்றினான். இன்னொரு ஸ்வெட்டர். பனியனோடு நின்றபோது கீலியின் கண் விரிந்தது. அவன் எடை மேடையில் ஏறினான். "டின்ஸ்லி சார், நீங்க வெளியாளு. படிச்சுச் சொல்லுங்க."

டின்ஸ்லி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பத்துக் கல்... எட்டே முக்கால். ஒம்பதுன்னே வெச்சுக்கலாம்."

எல்லோர் கண்ணும் பலகைக்குப் போனது. ஹெப்டன், ஒன்பது கல் இரண்டு. அழகான கையெழுத்து.

"எவ்வளவு நாளா?" என்றாள் லோர்னா.

"கல்யாணத்துலேருந்து. பட்டனுக்கு ஒண்ணுமில்ல, மொதலாளியம்மா. அவன் இன்னிக்கு என்னைச் சுமந்தான். குளிர்காலம் பூரா அவ சுமந்தா."

"பத்தொம்பது வருஷமா அந்தப் பலகையில நான் ரெண்டாந்தரம் பாக்காத நம்பர் அது ஒண்ணுதான்" என்றாள். கத்தியிருந்தால் நாரிஸ் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

நடுவில் டின்ஸ்லியின் பென்சில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "இருங்க, இருங்க! இருபத்தொரு பவுண்டுன்னா ஏழு நீளம். போன வாரம் இவ ரெண்டு நீளம் பின்னாடி. ஏழுல ரெண்டு போனா அஞ்சு. இன்னிக்குப் பன்னெண்டு முன்னாடி. பன்னெண்டுல ஏழு போனா..." அவர் நிமிர்ந்தார். முகம் தீபாவளியாக இருந்தது. "அஞ்சு! ரெண்டு கணக்கும் அஞ்சுலயே வந்து நிக்குது. லோர்னா, முப்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமான சோதனையை நான் பாத்ததில்ல. ரெண்டும் நாணயமான குதிரைங்க. வெளிச்சம் போட்டுக் காட்டிடுச்சுங்க."

"ஓட்டினவன்தான் நாணயமில்ல" என்றாள் லோர்னா. ஆனாலும் அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவள் சாக்பீஸை எடுத்து நாரிஸிடம் நீட்டவில்லை; கீலியிடம் கொடுத்தாள். "இனிமே நீ எழுது. இவன் பேரை மாசா மாசம் இல்ல, வாரா வாரம் எழுது. சத்தமாப் படிச்சிட்டு எழுது. நாரிஸ், நீ என்னோட கிழட்டுக் குதிரையில வழி காட்டிக்கிட்டுப் போனாப் போதும். பில்பெரியைக் கீலி ஓட்டுவா."

"சரி, மொதலாளியம்மா" என்றான். அந்த இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

பட்டியல் மார்ச் கடைசி வாரம் வெளிவந்தது. லாயத்துக்கு ஒன்று என்ற விதியை டின்ஸ்லி முதல்முறையாக மீறியிருந்தார். பதினோராவது பெயர் பிராஸ் பட்டன். முதல் பெயர் பில்பெரி. 'குளிர்காலத்தில் தன் பங்குக்கு மேலேயே சுமந்தவள். இனி சுமக்கப்போவது குறைவு. இவளைக் கண்ணிலிருந்து விடாதீர்கள்' என்று எழுதியிருந்தார். கீலி அதைப் பெரிதாக்கிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கூடவே போர்க் பை படம் ஒன்றையும் வரைந்து ஒட்டினாள். திங்கட்கிழமைதோறும் "நாரிஸ் அண்ணே, பத்துக் கல் ஆறு!", "பத்துக் கல் நாலு! அண்ணி உங்களைப் பட்டினி போடறாங்களா?" என்று கூவிக் கூவிப் படித்தாள். லாயமே கைதட்டியது. அவனும் சிரித்தான். காலையில் கிழட்டுக் குதிரைமேல் முன்னால் போய்க்கொண்டே, பின்னால் பில்பெரியின் குளம்புச் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்டபோது மட்டும் வலித்தது.

மே மாதம் யார்க்கில் அவள் ஓடினாள். அவளைக் கயிறு பிடித்து நடத்தி வந்தவன் நாரிஸ். லாக்வுட் பழைய கோட்டில் பட்டியலின் கத்தரித்த துண்டைக் குத்திக்கொண்டு வந்திருந்தார். ஜெயித்தது நான்கு நீளத்தில். நாரிஸ் கம்பிவேலியோரமாக அவளைப் பிடிக்க ஓடியபோது மூச்சு வாங்கியது. ஆனால் மார்ச்சில் ஓடியிருந்தால் இன்னும் அதிகம் வாங்கியிருக்கும். கிழவர் அழுதார், லோர்னா அவருக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். பெர்னிஸ் கூடை நிறையக் கொண்டு வந்திருந்த போர்க் பையை எல்லோரும் தின்றார்கள். நாரிஸ் பாதி தின்றான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பந்தயம் ஓடிய குதிரை மறுநாள் நடக்க மட்டும் செய்யும். பில்பெரியைச் சேணம் கட்டி முற்றத்துக்குக் கொண்டு வந்தாள் கீலி. நாரிஸ் கிழட்டுக் குதிரையைத் தேடிப் போனான்.

"எங்க போறே?" என்றாள் லோர்னா. "இன்னிக்கு அவ ஓடப்போறதில்ல, நடக்கத்தான் போறா. நடக்கறதுக்கு யாரு எடை பாக்கறாங்க?"

நாரிஸ் நின்ற இடத்திலேயே நின்றான். "மொதலாளியம்மா..."

"ஞாயித்துக்கெழமை மட்டும். பலகையில ஒம்பது கல் அஞ்சுன்னு கீலி எழுதற அன்னிக்கு மத்ததைப் பேசலாம்."

அவன் இடது முழங்காலை மடித்து நின்றான். காலைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியவள் கீலி. "ஒண்ணு, ரெண்டு, மூணு... யம்மாடி!" என்று முக்கினாள். "மொதலாளியம்மா, இன்னொரு கை வேணும்!" லோர்னா வந்து இன்னொரு பக்கம் பிடித்தாள். லாயமே சிரிக்க, நாரிஸ் ஒரு வழியாகச் சேணத்தில் போய் விழுந்தான். உட்கார்ந்ததும் கடிவாளத்தை எடுக்கக்கூடத் தோன்றாமல் அவள் கழுத்தில் கையை வைத்தான்.

பில்பெரி ஒரு காதைப் பின்னால் திருப்பினாள். பிறகு வாசலைப் பார்த்துக் கிளம்பினாள். குளிர்காலம் முழுக்கச் சுமந்த பாரம்தான். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை.